வீட்டு வயரிங்கைச் சோதித்துப் பார்த்தீர்களா?

(பண்ணை ஒலிபரப்பில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



நெல்லுக்கு மேலுரம் எப்போது, கத்தரியில் காய்ப்புழு வந்தால் என்ன செய்வது என்று சொல்ல வேண்டிய ஆள், இன்றைக்கு வயரிங்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. நம்ம ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்தில் விவசாயக் குடும்பத்துக்கு வருமானம் வருகிற வழி மாறிப்போய்விட்டது. ஏரிக்குக் கீழே இரண்டு ஏக்கர் நெல் இருக்கும், கொட்டகையில் இரண்டு மாடு இருக்கும், அதோடு வீட்டுக்குப் பின்னால் வரிசையாக ஐந்தாறு அறை கட்டி வாடகைக்கு விட்டிருப்பார்கள். மழை பொய்த்தாலும் வாடகை பொய்க்காது என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். அதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் பயிரைப் பார்க்கிற கண்ணோடு அந்த அறைகளின் மின்சாரத்தையும் பார்க்கிறோமா என்பதுதான் என் கேள்வி.

இந்த வட்டாரம் எப்படி மாறியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் தொழிற்சாலையிலிருந்து கார் வெளியே வரத் தொடங்கியது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது, 2014-ல் மூடியும் விட்டார்கள். 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிசான், 2012-ல் அதே ஒரகடத்தில் பாரத்பென்ஸ் லாரி. பிறகு வல்லம், வடகால், பிள்ளைப்பாக்கம் என்று சிப்காட் விரிந்துகொண்டே போனது. வேலைக்கு வந்த பிள்ளைகள் எங்கே தங்குவார்கள்? 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குகிற பெரிய விடுதியைத் திறந்தார்கள். நல்ல காரியம். ஆனால் அதில் இடம் கிடைக்காதவர்கள் எத்தனையோ பேர். அவர்களெல்லாம் நம் வீட்டுக் கொல்லையில், நாம் கட்டின அறையில், நாம் இழுத்துக் கொடுத்த வயருக்குக் கீழேதான் படுத்துத் தூங்குகிறார்கள்.

அந்தப் பிள்ளை பகலில் வேலை பார்க்கிற தொழிற்சாலையில் என்ன நடக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள். எர்த் குழிக்கு நம்பர் போட்டு வைத்திருப்பார்கள். எந்தத் தேதியில் சோதித்தார்கள், எத்தனை ஓம் வந்தது என்று பலகையில் எழுதியிருக்கும். பழுது பார்க்கும் மெஷினுக்கு ஸ்விட்சை அணைத்துப் பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்கிறவனே பையில் வைத்துக்கொள்வான். ஷிப்டு முடிந்து அதே பிள்ளை நம் அறைக்கு வருகிறான். ஈரக் கையோடு வாட்டர் ஹீட்டர் ராடை பக்கெட்டில் போடுகிறான். அந்த அறைக்கு எர்த் இருக்கிறதா என்று அவனுக்கும் தெரியாது, வீட்டுக்காரருக்கும் தெரியாது.

சட்டம் இதைப் பற்றிப் பேசாமல் இல்லை. 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளிலேயே, மின் இணைப்பு கொடுத்த ஒவ்வொரு இடத்தையும் ஐந்து ஆண்டுக்கு மிகாத இடைவெளியில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. மத்திய மின்சார ஆணையம் 2010-ல் கொண்டுவந்த பாதுகாப்பு விதிமுறைகளிலும் அந்த ஐந்து ஆண்டுக் கணக்கு வந்தது. ஆனால் உங்கள் வீட்டுக்கு அப்படி யாராவது வந்து பார்த்த நினைவு இருக்கிறதா? வீடு கட்டி சர்வீஸ் வாங்கும்போது வயர்மேன் ஒரு ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். அதோடு சரி. அதற்குப் பிறகு அந்த வீட்டில் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகியிருக்கும், மாடி எழும்பியிருக்கும், கொல்லையில் அறை முளைத்திருக்கும். வயர் மட்டும் கேட்பாரில்லாமல் நீண்டுகொண்டே போயிருக்கும். யாராவது வந்து பார்ப்பார்கள் என்று காத்திருக்காமல் நாமே ஆளை வரவழைத்துப் பார்த்துவிடுவது நல்லது. பயிருக்குப் பூச்சி வந்தால் அலுவலர் வருகிறவரை வரப்பில் உட்கார்ந்தா இருக்கிறோம்?

முதலில் பாரத்தைப் பற்றிச் சொல்கிறேன். அந்தக் காலத்து வீட்டில் நாலு பல்பு, ஒரு பேன், ஒரு ரேடியோ. அதற்குப் போட்ட வயர் அது. இப்போது ஒரு கரண்ட் அடுப்பு மட்டும் 2,000 வாட். அதாவது ஏறத்தாழ 9 ஆம்பியர். வாட்டர் ஹீட்டர் ராடு 1,500 வாட், அது ஆறரை ஆம்பியர். நம் ஊரில் ஒரு விசேஷம் இருக்கிறது பாருங்க, ஷிப்டு விட்டு எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து ஒரே நேரத்தில் சமைப்பார்கள். நாலு அறையில் நாலு கரண்ட் அடுப்பு ஒன்றாக எரிந்தால் அதுவே 35 ஆம்பியரைத் தொடும். இது போக வீட்டுக்காரர் மாடியில் ஏ.சி. வேறு. இத்தனையும் ஒரே பழைய சர்வீஸ் வயர் வழியாக வர வேண்டும்.

வயருக்குள் போகிற மின்சாரம் இரண்டு மடங்கானால் சூடு இரண்டு மடங்கு ஆகும் என்று நினைக்காதீர்கள். நாலு மடங்கு ஆகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. அந்தச் சூட்டில் வயர் மேல் தோல் மெதுவாக வறண்டு, வெடித்து, உதிர்ந்து போகும். வெளியே ஒன்றும் தெரியாது, குழாய்க்குள்தானே இருக்கிறது. பிளக் பாயிண்ட் பழுப்பேறியிருந்தால், பிளக்கைக் கழற்றும்போது ஊசி சுட்டால், சுவர் ஓரம் பிளாஸ்டிக் கருகின வாடை வந்தால், அது பயிரில் இலை மஞ்சளிக்கிற மாதிரி. உள்ளே நோய் வந்து நாளாகிவிட்டது என்று அர்த்தம். பழைய அலுமினிய வயரோடு புதுச் செம்பு வயரை முறுக்கி டேப் சுற்றி விட்டிருப்பார்கள். அந்த இடம் சுடாமல் இருக்கவே இருக்காது.

அப்போது ப்யூஸ் போக வேண்டுமே என்பீர்கள். போகும்தான், போக விட்டால். தினம் சாயங்காலம் ப்யூஸ் போகிறது என்று ப்யூஸ் கட்டையில் நாலு இழை செம்புக் கம்பியைத் தடிமனாகச் சுற்றி மாட்டிவிடுகிறோம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எரியக்கூடிய ப்யூஸ், சுவருக்குள் இருக்கிற வயர்தான்.

மதுரையில் 2024 செப்டம்பரில் நடந்ததைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். கட்ராபாளையத்தில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கியிருந்த விடுதி. விடியற்காலையில் பிரிட்ஜில் தீப்பிடித்தது. புகை சூழ்ந்து இரண்டு பெண்கள் இறந்துபோனார்கள். மதுரையில் விடுதி என்றார்கள், இங்கே நாம் லைன் வீடு என்கிறோம். வாடகை வாங்கிக்கொண்டு அடுத்தவர் பிள்ளையைத் தங்க வைப்பது இரண்டுக்கும் பொதுதான்.

இனி தீயைவிட அதிகமாகக் கிராமத்தில் உயிரை வாங்குகிற விஷயத்துக்கு வருகிறேன். ஷாக். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2021-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 12,000 பேருக்கு மேல் மின்சாரம் தாக்கி இறந்திருக்கிறார்கள்.

ஒரு மனுஷனைக் கொல்ல எவ்வளவு மின்சாரம் வேண்டும் தெரியுமா? நம் வீட்டில் எரிகிற 9 வாட் எல்.இ.டி. பல்பு இருக்கிறதே, அது எடுத்துக்கொள்வது சுமார் 40 மில்லி ஆம்பியர். அந்த அளவு மின்சாரம் நெஞ்சு வழியாகச் சிறிது நேரம் போனாலே போதும், இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடலாம். ப்யூஸ் 15 ஆம்பியரில் எரிகிறது. அதாவது 15,000 மில்லி ஆம்பியர். ஒரு ஆள் ஒட்டிக்கொண்டு துடிக்கும்போது ப்யூஸ் என்ன நினைக்கும்? வீட்டில் யாரோ இன்னொரு பல்பு போட்டிருக்கிறார்கள் என்று நினைக்கும். எம்.சி.பி. என்கிற ட்ரிப்பர் ஸ்விட்சும் அப்படித்தான். அவை வயரைக் காப்பாற்ற வந்தவை. ஆளைக் காப்பாற்ற வந்தவை அல்ல. இதைத் தெரியாமல், "நம்ம வீட்டில் ட்ரிப்பர் போட்டிருக்கு சார்" என்று தைரியமாக இருக்கிறவர்கள் நிறைய பேர்.

ஆளைக் காப்பாற்றுவதற்கென்று ஒரு கருவி இருக்கிறது. ஆர்.சி.டி. என்று பெயர். கடையில் ஆர்.சி.சி.பி. என்பார்கள், பழைய வயர்மேன்கள் ஈ.எல்.சி.பி. என்பார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று நம் பாஷையில் சொல்கிறேன். மதகிலிருந்து ஒரு வாய்க்காலில் தண்ணீர் விடுகிறோம். வயலைச் சுற்றி வந்து அதே அளவு தண்ணீர் இன்னொரு வாய்க்காலில் திரும்பி வர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். போன அளவும் வந்த அளவும் சரியாக இருந்தால் சந்தேகமில்லை. வந்தது குறைந்தால் நடுவில் எங்கேயோ நண்டு வளை. ஆர்.சி.டி. அந்த மதகில் உட்கார்ந்திருக்கிற நீர்க்கட்டி மாதிரி. பேஸ் வயரில் போனதும் நியூட்ரலில் திரும்பினதும் சரியா என்று ஒவ்வொரு கணமும் பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் போதும், கண் இமைக்கிற நேரத்துக்குள் மதகை மூடிவிடும். நம் உடம்பு வழியாகக் கசிந்தாலும் சரி, ஈரச் சுவர் வழியாகக் கசிந்தாலும் சரி.

தமிழ்நாடு மின் பகிர்மான விதித்தொகுப்பிலும் இந்தக் கருவி வைக்க வேண்டும் என்பது சேர்ந்திருக்கிறது. வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் என்று கேட்டு வாங்குங்கள். 100 அல்லது 300 என்று போட்டிருப்பதைக் குறைந்த விலைக்குக் கொடுத்தால் வேண்டாம். அது தீ விபத்துக்கு உதவும், ஆள் உயிருக்கு உதவாது. நல்ல கம்பெனிக் கருவி 2,000 ரூபாய்க்கு முன்பின் வரும். ஓர் அறையின் ஒரு மாத வாடகைக்குள் அடங்கிப்போகிற செலவு. ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பேஸையும் நியூட்ரலையும் இரண்டு கையில் பிடித்தால் ஆர்.சி.டி.க்குத் தெரியாது. போனது அப்படியே திரும்பி வருகிறதல்லவா? அதனால் கருவி இருக்கிறது என்று துணிச்சல் காட்டக் கூடாது.

மாட்டின பிறகு சில வீடுகளில் அது அடிக்கடி விழும். "சார், ஒரே தொல்லை, கழற்றிப் போட்டுட்டேன்" என்று சொல்லுவார்கள். நாய் குரைக்கிறது என்று நாயை விற்றுவிட்ட கதைதான். பழைய வயரிங்கில் எங்கேயோ கசிவு இருக்கிறது, அல்லது இரண்டு அறைக்கு நியூட்ரலை ஒன்றாகக் கலந்து போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு அறையாக அணைத்துப் பார்த்தால் எந்த அறை என்று தெரிந்துவிடும். அதைச் சரிசெய்ய வேண்டும்.

அடுத்து எர்த். நம் பக்கத்தில் நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். பழைய வீடுகளில் எர்த் வயரைத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். அப்போது இரும்புக் குழாய் பூமிக்குள் ஓடியது, ஏதோ வேலை செய்தது. பிறகு குழாய் துருப்பிடித்துப் போய் பிளாஸ்டிக் குழாய் மாற்றினோம். மாற்றின அன்றைக்கே அந்த வீட்டுக்கு எர்த் போய்விட்டது. பிளம்பருக்கு அது தெரியாது, நமக்கும் யாரும் சொல்லவில்லை. மூன்று ஓட்டை பிளக் பாயிண்ட் சுவரில் அழகாக இருக்கும், மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. எர்த் இல்லாத இடத்தில் சில பேர் நியூட்ரல் வயரிலிருந்தே ஒரு துண்டு எடுத்து எர்த் ஓட்டையில் சொருகிவிடுகிறார்கள். டெஸ்ட் விளக்கு வைத்துப் பார்த்தால் எரியும், வேலை முடிந்தது என்று கூலி வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு காற்று மழையில் கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் என்ன ஆகும்? பிரிட்ஜின் வெளித்தகடு, வாஷிங் மெஷினின் உடம்பு, கிரைண்டர் எல்லாவற்றிலும் மின்சாரம் வந்து உட்கார்ந்துகொள்ளும். எர்த்துக்கென்று நாம் போட்ட வயரே மின்சாரத்தைக் கொண்டுவந்து கொடுக்கும்.

சரி, நல்ல எர்த் என்றால் என்ன? ஒரு சின்னக் கணக்கு. மின் அழுத்தம் 230 வோல்ட். எர்த்தின் தடை 5 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜ் தகட்டில் பேஸ் பட்டால் 230-ஐ 5-ஆல் வகுக்க, 46 ஆம்பியர் பூமிக்கு ஓடும். ப்யூஸ் உடனே போய்விடும், பிழைத்தோம். அதே எர்த் பராமரிப்பில்லாமல் 50 ஓம் ஆகிவிட்டால்? நாலரை ஆம்பியர்தான் ஓடும். ப்யூஸுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. தகட்டில் மின்சாரம் அப்படியே நிற்கும், குழந்தை வந்து கதவைத் திறக்கிறவரை. ஆர்.சி.டி.யும் எர்த்தும் இரண்டும் வேண்டும் என்பது இதனால்தான். எர்த் ஓரளவு இருந்தால், யாரும் தொடுவதற்கு முன்பே ஆர்.சி.டி. விழுந்துவிடும்.

எர்த் குழி போடுகிற முறை உங்களில் பலருக்குத் தெரியும். இரண்டரை மீட்டர் ஜி.ஐ. குழாய், சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காக, மேலே புனல் வைத்துச் சின்னத் தொட்டி கட்டுவது. போட்டவர்கள் தண்ணீர் ஊற்றுகிறார்களா? மண்ணில் ஈரம் இருந்தால்தான் மின்சாரம் இறங்கும். ஐப்பசியில் சோதித்தால் எந்த எர்த்தும் நல்ல எர்த்தாகத்தான் தெரியும். அதனால்தான் எர்த்தைக் கோடையில், மழை இல்லாத நாளில் அளக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதியிருக்கிறார்கள். ஏரி நம்பி விவசாயம் பண்ணுகிற நமக்கு இது புரியாத விஷயமல்ல. ஏரியின் பலம் கார்த்திகையில் தெரியாது, பங்குனியில்தான் தெரியும்.

இங்கே மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மின்கசிவு மனுஷனைவிட மாட்டுக்குச் சீக்கிரம் தெரியும். முன்கால் ஓர் இடம், பின்கால் ஓர் இடம், ஈரத் தரையில் வெறுங்குளம்போடு நிற்கிறது. இரண்டு காலுக்கும் நடுவில் சிறிய வித்தியாசம் இருந்தாலே அதன் உடம்பு வழியாக மின்சாரம் ஓடும். ஒரு ஊரில் கறவை மாடு இரண்டு வாரமாகத் தொட்டியில் வாய் வைக்க மறுக்கிறது, பால் பாதியாகிவிட்டது என்று என்னிடம் சொன்னார்கள். கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு நோய் ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தார். வேறு பக்கெட்டில் தூரத்தில் வைத்தால் மாடு மடமடவென்று குடிக்கிறது. தொட்டிக்குப் பக்கத்தில் தண்ணீர் ஏற்றுகிற அரைக் குதிரைத்திறன் மோட்டார். அதன் வயர் தரைக்கு அடியில் ஒரு இடத்தில் எலி கடித்து, சிமெண்ட் ஈரத்தில் கசிந்துகொண்டிருந்தது. வீட்டுப் பெண்கள் செருப்புக் காலோடு போய்வந்ததால் அவர்களுக்குத் தெரியவில்லை. மாடு திடீரென்று ஓர் இடத்தை மிதிக்க மறுத்தால், மந்திரிக்கப் போவதற்கு முன் மெயினை அணைத்துப் பாருங்கள்.

சோதனை என்றால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். தமிழ்நாடு மின் உரிம வாரியத்தின் சான்று பெற்றவரை அழையுங்கள். டெஸ்டர் ஸ்குரூ டிரைவர் மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருகிறவர் போதாது. டெஸ்டர், மின்சாரம் வருகிறதா என்று சொல்லும், கசிகிறதா என்று சொல்லாது. மெகர் என்கிற கருவி கொண்டுவரச் சொல்லுங்கள். மெயினை அணைத்து, எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு, 500 வோல்ட் கொடுத்து வயரின் தோல் எவ்வளவு தாங்குகிறது என்று அளப்பார்கள். ஒரு மெகாஓமுக்குக் குறையாமல் வர வேண்டும். குறைந்தால் எந்த அறைப் பக்கம் குறைகிறது என்று பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த்தை அளக்க வேறு கருவி இருக்கிறது, அதையும் கேளுங்கள். ஸ்விட்ச் எல்லாம் பேஸில் இருக்கிறதா, நியூட்ரலில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். நியூட்ரலில் ஸ்விட்ச் இருந்தால் பல்பு அணையும், ஆனால் ஹோல்டரில் மின்சாரம் அப்படியே நிற்கும். பல்பு மாற்றப் போகிற ஆள், அணைத்துவிட்டோமே என்று நம்பித்தானே கையை வைப்பான்?

அவர் பார்க்கும்போது நீங்களும் கூடவே நடங்கள். அரை மணியில் முடித்துவிட்டால் அது சோதனையல்ல, விருந்தாளி வந்து போனது. வீட்டுக்குள் பார்த்த பிறகு வெளியே வாருங்கள். கம்பத்திலிருந்து வருகிற சர்வீஸ் வயரை ஒரு இரும்புக் கம்பி தாங்கிக்கொண்டிருக்கும். காற்றில் ஆடி ஆடி வயர் அந்தக் கம்பியில் தேய்ந்திருக்கும். நடுவில் பீங்கான் இருக்கிறதா பாருங்கள். அந்தக் கம்பி தகரக் கூரையில் தொட்டுக்கொண்டிருந்தால், தகரத்தில் நீங்கள் துணி காயப்போடும் கம்பியைக் கட்டியிருந்தால், அந்தக் கொடிக்கம்பி வரை மின்சாரம் வந்துவிட வழி இருக்கிறது. ஈரத் துணியோடு, ஈரக் கையோடு, ஈரத் தரையில் நின்று அந்தக் கம்பியைத் தொடுகிறவர் யார்? நம் வீட்டுப் பெண்கள்தானே. எத்தனையோ சாவு இப்படி நடந்திருக்கிறது, ஒருவரைக் காப்பாற்றப் போய் இன்னொருவரும் சேர்ந்து. இதற்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை. இன்றைக்கே இரும்புக் கம்பியை அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். சோதனைக்கு ஆள் வருகிறவரை காத்திருக்க வேண்டாம்.

இலவச மின்சார மோட்டார் சர்வீஸிலிருந்து அறைகளுக்கு வயர் இழுத்திருக்கிறவர்கள் இரண்டொருவர் இருக்கிறார்கள். யார் என்று நான் கேட்கவில்லை. அது விதிமீறல் என்பது ஒரு பக்கம். மோட்டார் கொட்டகையில் ஆளைக் காக்கிற கருவி எதுவும் இருக்காது, அந்த வயர் வரப்பு மேல், வேலி மேல் கிடக்கும், மண்வெட்டி பட்டால் முடிந்தது. காட்டுப்பன்றிக்கென்று வேலியில் மின்சாரம் விடுகிறவர்களுக்கும் இதே பதில்தான். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கத்தில் அப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் இறந்தன. யானையையே சாய்க்கிறது என்றால் இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகிற பக்கத்து நிலத்துக்காரர் எம்மாத்திரம்?

வெள்ளத்தையும் சொல்லியாக வேண்டும். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் அடையாற்று ஓரத்து வரதராஜபுரம், முடிச்சூர் பக்கம் என்ன பாடுபட்டது என்று நமக்குத் தெரியும். தாழ்வான இடத்தில் வீடு இருக்கிறவர்கள், பிளக் பாயிண்ட் உயரத்துக்குத் தண்ணீர் வந்து வடிந்தால், மேலே காய்ந்துவிட்டது என்று மெயினைப் போட்டுவிடக் கூடாது. குழாய்க்குள் தண்ணீர் நிற்கும். மெகர் வைத்துப் பார்த்த பிறகுதான் போட வேண்டும். தண்ணீர் ஏறத் தொடங்கும்போதே, காலில் ஈரம் படாத நிலையில், மெயினை அணைத்துவிட வேண்டும். கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாதீர்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. இரவு பகல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம்.

அறையில் இருக்கிற பிள்ளைகளிடமும் பேசுங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களுக்கு நம் பாஷை தெரியாமல் இருக்கலாம், மெயின் ஸ்விட்சைக் கையால் காட்டினால் எந்தப் பாஷைக்காரருக்கும் புரியும். வாடகை வாங்குகிற அன்றைக்கு ஒரு முறை கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். மெயினைப் பூட்டி வைத்துச் சாவியை வீட்டுக்குள் வைத்திருக்கிற வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். நடுராத்திரியில் ஒரு பிள்ளை ஒட்டிக்கொண்டால், மற்றவர்கள் உங்களை எழுப்பிச் சாவி வாங்குவதற்குள் காரியம் முடிந்துவிடும். மெயின் கைக்கு எட்டவில்லை என்றால், காய்ந்த மரக் கட்டையால் வயரைத் தள்ளிவிட வேண்டும், கையால் இழுக்கக் கூடாது. மூச்சு இல்லை என்றால் 108-க்குச் சொல்லிவிட்டு, வண்டி வருகிறவரை மார்பின் நடுவில் இரண்டு கையாலும் விடாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

அறைக்காரர்கள் தவறு செய்தால் நாம் என்ன பண்ணுவது என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயம்தான். ஒரே பிளக்கில் மூன்று அடுப்பு மாட்டினால் கண்டிக்க வேண்டியதுதான். ஆனால் ஒரு அறைக்கு ஒரே ஒரு பிளக் பாயிண்ட் வைத்துக் கொடுத்தது யார்? அலட்சியத்தால் உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதா 106-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை தண்டனை இருக்கிறது. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கிற சட்டம் அது. கோர்ட்டுக்குப் போனால் வாடகை வாங்கியது யார், வயரிங் யார் பொறுப்பு என்றுதான் கேட்பார்கள். கோர்ட் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பிள்ளையின் ஊருக்குப் போன் போட்டு, அவன் அம்மாவிடம் நாம் என்ன சொல்லுவது?

செலவு மொத்தமாக எவ்வளவு ஆகும் என்று பயப்பட வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் இடித்துப் புதுசாகப் போடச் சொல்லவில்லை. இந்த மாதம் ஆர்.சி.டி.யும் துணிக் கயிறும். அடுத்த வாடகையில் எர்த் குழி. அதற்கடுத்து ஒவ்வொரு அறைக்கும் தனி வயர், தனி எம்.சி.பி. விளக்குக்கு ஒரு சதுர மில்லிமீட்டர், பிளக்குக்கு இரண்டரை, ஏ.சி.க்கு நாலு, அதுவும் செம்பு வயராக. கூடுதல் பாரத்துக்கு மின்வாரியத்தில் மனுப் போட்டு வாங்கிவிடுங்கள். திருட்டுத்தனமாக ஏற்றிக்கொண்டால் டிரான்ஸ்பார்மர் போய், ஊரே இருட்டில் உட்கார வேண்டி வரும்.

ஆர்.சி.டி.யில் 'டி' என்று எழுதின ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்திப் பாருங்கள். ஸ்விட்ச் கீழே விழுந்தால் கருவி நல்ல நிலையில் இருக்கிறது. விழாவிட்டால் அன்றைக்கே மாற்றுங்கள். அமாவாசை அன்று என்று வைத்துக்கொண்டால் மறக்காது. நெல் அறுவடை முடிந்து பங்குனி, சித்திரையில் கை கொஞ்சம் ஓய்வாக இருக்கும், மண்ணும் காய்ந்திருக்கும். எர்த்தை அளக்க அதுதான் சரியான காலம். வயர்மேனை இப்போதே சொல்லி வையுங்கள், மழைக்காலம் வந்துவிட்டால் அவர் கையில் அகப்பட மாட்டார்.